தண்ணீர் பேலஸ்ட் உள்ள 26 அடிப் பாய்ப்படகு பெரிய ஏரிக்குத் தாங்குமா?

ஏரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். மிச்சிகன் மாநிலத்தில் டிராவர்ஸ் சிட்டி பக்கம் குடியிருக்கிறோம். நான், மனைவி, 9 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பிள்ளைகள். 14 அடிப் படகில் பாய் பழகிவிட்டேன். இனி இரண்டு மூன்று இரவு படகிலேயே தங்கி வருகிற மாதிரி ஒன்று வேண்டும். மரீனாவில் இடத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம், வாடகையும் கட்டுப்படியாகாது. அதனால் டிரெயிலரில் ஏற்றி வீட்டு வாசலில் நிறுத்தக்கூடிய படகாகத் தேடுகிறேன்.

1999 மெக்ரிகர் 26எக்ஸ் ஒன்று பக்கத்து ஊரில் விலைக்கு வந்திருக்கிறது. பின்னால் 50 குதிரைத்திறன் அவுட்போர்டு. விசாரித்தால் பாதிப் பேர் "அது பாய்ப்படகே இல்லை" என்கிறார்கள். மீதிப் பேர் "வருஷக்கணக்கில் வைத்திருக்கிறோம், ஒரு குறையும் இல்லை" என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

எனக்குத் தெரியவேண்டியது இதுதான். பாயில் உண்மையில் எப்படி ஓடும்? கிராண்ட் டிராவர்ஸ் விரிகுடாவைத் தாண்டி மிச்சிகன் ஏரியில் உள்ள மேனிட்டூ தீவுகள் வரை போகலாமா? பிற்பாடு ஹூரான் ஏரியில் கனடாப் பக்கம் உள்ள நார்த் சேனலுக்கும் போக ஆசை. அப்புறம் அடிப்படையான சந்தேகம் ஒன்று: படகை நிமிர்த்தி வைக்க அடியில் வைக்கும் எடைதான் பேலஸ்ட்; அதுவே தண்ணீர் என்றால், தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை ஏது? அது எப்படிப் படகை நிமிர்த்தும்?

சாய்கோணம்

கப்பல் வடிவமைப்பில் வேலை பார்த்தவன் என்பதால் கடைசிக் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

"தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை" என்பது படகு நேராக நிற்கும் வரைதான் சரி. அப்போது தொட்டி முழுவதும் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. படகைக் கொஞ்சம் ஆழமாக உட்கார வைப்பதைத் தவிர அது பெரிதாக எதுவும் செய்வதில்லை. காற்றில் படகு சாயச் சாய, காற்று அடிக்கும் பக்கத்துத் தொட்டிப் பகுதி நீர்மட்டத்துக்கு மேலே தூக்கப்படுகிறது. மேலே வந்த ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோவாக அந்தப் பக்கத்தைக் கீழே இழுக்கிறது. படகு முழுக்கப் பக்கவாட்டில் படுத்துவிட்டால் தொட்டியில் பாதிக்குமேல் காற்றில் தொங்கும். நிமிர்த்தும் வேலை அங்கேதான் நடக்கிறது.

அதனால்தான் இந்த வகைப் படகுகள் எல்லாவற்றுக்கும் ஒரே சுபாவம். முதல் 15, 20 டிகிரி வரை சட்டென்று சாயும். புதிதாக ஏறுபவர்கள் கவிழப்போகிறது என்று பயப்படுவது இந்தக் கட்டத்தில். அதற்குப் பிறகு இறுகி நின்றுவிடும்.

வழக்கமான ஈய பேலஸ்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இரண்டு இடத்தில். 26எக்ஸ் தொட்டியில் ஏறத்தாழ 650 கிலோ தண்ணீர் பிடிக்கிறது, அதாவது 650 லிட்டர் இடம். அதே எடை ஈயம் 57 லிட்டரில் அடங்கிவிடும். அடுத்தது ஆழம். ஈயத்தைக் கீலின் (படகுக்கு அடியில் துடுப்பு போல நீளும் பகுதியின்) அடியில், நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஆழத்தில் வைக்கலாம். தண்ணீர்த் தொட்டியோ படகின் அடித்தளத்தை ஒட்டியே இருந்தாக வேண்டும். நெம்புகோல் குட்டையாகிவிடுகிறது. அந்தக் குறையை அதிக எடையாலும் அகலமான உடலாலும் ஈடுகட்டப் பார்க்கிறார்கள், அது முழுதாக ஈடாவதில்லை.

ஒரு குழப்பம் வராமல் இருக்க: பந்தயப் படகுகளில் இடமும் வலமும் தொட்டி வைத்து, காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தண்ணீரை ஏற்றுவார்கள். 1969-இல் எரிக் தபார்லி சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து டோக்கியோவுக்குத் தனியாக ஓட்டி ஜெயித்த பென் டூயிக் 5 அந்த ரகம். நீங்கள் வாங்கப் பார்ப்பதில் நடுவே ஒரே தொட்டி. இரண்டும் வேறு வேறு நோக்கத்துக்கானவை.

கலிஃபோர்னியா கடலோடி

தம்பி, நான் 26எம் வைத்திருக்கிறேன், உங்கள் எக்ஸுக்கு அடுத்து வந்த மாடல். சான் பெட்ரோவிலிருந்து கேட்டலினா தீவுக்குக் குடும்பத்தோடு போய் வருகிறோம். பாயில் எப்படி ஓடும் என்று கேட்டீர்கள், உள்ளதைச் சொல்கிறேன்.

காற்று பக்கவாட்டில் அல்லது பின்னாலிருந்து 10, 12 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வந்தால் 5 நாட் சுலபமாக ஓடும். நீர்க்கோட்டு நீளம், அதாவது தண்ணீர்மட்டத்தில் படகின் நீளம், 23 அடி என்பதால் 6.4 நாட்டுக்கு மேல் பாயில் எதிர்பார்க்க வேண்டாம். அது இந்த நீளத்துப் படகு எல்லாவற்றுக்கும் பொதுவான வரம்பு. காற்றை எதிர்த்துப் போகும்போதுதான் ஏமாற்றம். நல்ல கீல் படகு 90 டிகிரிக்குள் திரும்பும் இடத்தில் இதற்கு 100-க்கு மேல் வேண்டும். பக்கச் சுவர் உயரம் அதிகம், எடை குறைவு. காற்று படகையே ஒரு பாயாக நினைத்து ஒதுக்கித் தள்ளும். டேக் செய்யும்போது, அதாவது காற்றுக்கு எதிரே குறுக்காக மறுபக்கம் திரும்பும்போது, வேகம் இல்லாமல் திருப்பினால் அணியம் (படகின் முன்முனை) நடுவழியில் நின்றுவிடும். ஜிப் எனும் முன்பாயைச் சிறிது நேரம் எதிர்ப்பக்கமே பிடித்து வைத்துத் திருப்ப வேண்டும்.

ஒன்று மட்டும் மனசில் வையுங்கள்: 12 நாட் தாண்டினாலே மெயின் பாயில் முதல் ரீஃப் போட்டுவிடுங்கள், அதாவது பாயின் ஒரு பகுதியை மடித்துக் கட்டிச் சிறிதாக்கிவிடுங்கள். மற்ற படகுக்காரர்கள் முழுப் பாயில் போவார்கள், போகட்டும். முழுப் பாயோடு 25 டிகிரி சாய்ந்து ஓடினால் இரண்டு சுக்கான்களில் ஒன்று தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும், படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பும். ரீஃப் போட்டு 12 டிகிரியில் ஓட்டினால் வேகமும் கூடும், பிள்ளைகளும் பயப்பட மாட்டார்கள்.

கேட்டலினாவிலிருந்து திரும்பும் பிற்பகலில் மேற்குக் காற்று 15, 20 நாட் ஏறும். அலை பின்பக்க மூலையிலிருந்து சாய்வாக வரும். அந்த நேரத்தில் படகு இலேசாக இருப்பதன் விலை தெரியும். ஒவ்வொரு அலையும் அமரத்தை (படகின் பின்பக்கத்தை) தூக்கி ஒரு பக்கம் தள்ளும், சுக்கானை விட்டு ஒரு நொடி நகர முடியாது. படகு தாங்கும், ஓட்டுபவர் களைத்துப் போவார்.

ஏரிக்கரை

மிக்க நன்றி அண்ணா, சாய்கோணம் சாருக்கும் நன்றி. விற்பவர் இன்னொரு வசதியைச் சொன்னார். பாயை இறக்கிவிட்டு, தொட்டியைக் காலி செய்து மோட்டாரில் போனால் மணிக்கு 20 மைல் பிடிக்குமாம். வானிலை கெட்டால் அப்படியே ஓடித் தப்பித்துவிடலாம் என்கிறார். அது நல்ல யோசனையா?

மானிட்டூலின் மலர்

வேண்டாம் தம்பி. இதைப் படிக்கிற எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

2002 ஜூலை 4, வெர்மான்ட் பக்கம் சாம்ப்ளேன் ஏரி. இதே மெக்ரிகர் 26 அடிப் படகு. தொட்டி காலி, மேலே ஆட்கள் நிறைய. ஓட்டியவர் குடித்திருந்தார். படகு கவிழ்ந்தது. உள்ளறையில் இருந்த இரண்டு குழந்தைகள் வெளியே வர வழியில்லாமல் இறந்துபோனார்கள். புயலில் நடந்த விபத்தே இல்லை அது.

தொட்டி காலியாக இருந்தால் 26எக்ஸ் தானாக நிமிராது. தயாரித்தவர்களே கையேட்டில் எழுதியிருக்கிறார்கள்: காலித் தொட்டியோடு போனால் பாய் ஏற்றக்கூடாது, நாலு பேருக்கு மேல் கூடாது, எல்லோரும் தாழ்வாக உட்கார வேண்டும், ஓர் அடிக்கு மேல் அலை இருக்கக்கூடாது. வானிலை கெடும் நேரம் இதற்கு நேர் எதிர். அலை ஏறும்போது தொட்டியைக் காலி செய்வது, படகு நிமிரும் சக்தியை அது தேவைப்படும் நேரத்தில் கொட்டிவிடுவதாகும். வானம் கறுத்தால் தொட்டி நிறைந்திருக்க வேண்டும், எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும், உள்ளறையில் ஒரு குழந்தைகூட இருக்கக்கூடாது.

எங்களிடமும் 26எக்ஸ்தான். தண்ணீரில் இறங்கியதும் தொட்டியை நிரப்புவோம், கரையில் ஏறும் வரை அது நிறைந்தே இருக்கும். நிறைந்த தொட்டியோடும் 50 குதிரைத்திறன் அந்தப் படகைப் போதுமான வேகத்தில் இழுக்கும். இன்னும் வேகம் வேண்டுமென்றால் வேறு படகு வாங்குவதுதான் சரி.

சாய்கோணம்

மலர் அம்மா சொன்னதற்கு மேல் ஒன்று சேர்க்கிறேன். காலித் தொட்டியைவிடப் பாதித் தொட்டி இன்னும் மோசமாகலாம். உள்ளே தண்ணீர் அலைய இடம் இருந்தால், படகு சாயும் பக்கத்துக்கே அதுவும் ஓடிச் சேரும்.

கணக்கு எளிது. தொட்டி 4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். படகின் எடை 1.6 டன். அகலத்தின் கனத்தை (1.5 × 1.5 × 1.5) எடுத்து, நீளத்தால் பெருக்கி, 12-ஆல் வகுத்தால் 1.125. அதை 1.6-ஆல் வகுத்தால் 0.7. மெட்டாசென்டர் உயரத்தில் (படகு எவ்வளவு பலமாக நிமிரும் என்று காட்டும் அளவு) 70 சென்டிமீட்டர் பறிபோகிறது என்று பொருள். இந்த அளவுப் படகு சாயாமல் நிற்கும் பலத்தில் அது பெரும் பங்கு. அதே தொட்டிக்கு நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்பு இருந்தால் இழப்பு நாலில் ஒரு பங்காக, 18 சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். முழுக்க நிறைந்திருந்தால் இழப்பே இல்லை.

அதனால் "முக்கால்வாசி நிறைந்திருக்கிறது, போதும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஈயக்கீல்

நான் எதிர்க்கட்சி. மிச்சிகன் ஏரியை "ஏரி" என்று சொல்வதே பலரை ஏமாற்றுகிறது. வடக்குத் தெற்காக 494 கிலோமீட்டர். வடகாற்றோ தென்காற்றோ ஒரு நாள் நின்று அடித்தால் கடலில் வரும் அலையைவிடக் குட்டையான, செங்குத்தான அலை வரும். இலேசான படகை அது ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடும்.

1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 15 மாலுமிகள் இறந்த பிறகு, அமெரிக்காவில் ஒரு கவிழ்வுச் சூத்திரம் வந்தது. படகின் அகலத்தை அடியில் எடுத்து, பவுண்டுக் கணக்கில் உள்ள எடையை 64-ஆல் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தால் வகுக்க வேண்டும். 2-க்குக் கீழே வந்தால் கடலுக்குப் போகலாம். 26எக்ஸைத் தொட்டி நிறையப் போட்டுப் பார்த்தேன்: சரியாக 2.0. தொட்டி காலி என்றால் 2.36. நிலையான கீல் உள்ள பழைய கேட்டலினா 25 என்ற படகுக்கு 1.93. அதன் மொத்த எடை 4550 பவுண்டு, அதில் 1900 பவுண்டு கீலிலேயே இருக்கிறது. வால்வைத் திறந்தோமா மூடினோமா என்ற கவலையே இல்லை. விலையும் பெரும்பாலும் குறைவு. பிள்ளைகளோடு போகிறவர் அதைத்தான் வாங்க வேண்டும்.

சாய்கோணம்

ஈயக்கீல் சாரின் கணக்கு சரி. ஆனால் அந்தச் சூத்திரத்துக்கு எடை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதே 1900 பவுண்டைப் பாய்மரத்தின் உச்சியில் கட்டினாலும் 1.93 என்றேதான் சொல்லும். உண்மையில் கேட்டலினா 25-க்கும் 26எக்ஸுக்கும் உள்ள இடைவெளி இந்த எண்கள் காட்டுவதைவிட அதிகம், கேட்டலினாவுக்குச் சாதகமாக.

ஐரோப்பிய விதிகளில் இதைவிட நல்ல அளவுகோல் இருக்கிறது. பி வகைப் படகு என்றால் போஃபர்ட் காற்றளவில் 8-ஆம் எண் காற்று, 4 மீட்டர் அலை வரை. சி வகை என்றால் 6-ஆம் எண் காற்று, 2 மீட்டர் அலை வரை. டிரெயிலரில் இழுக்கும் தண்ணீர் பேலஸ்ட் படகுகளைச் சி வகைப் படகாக நினைத்து நடந்துகொண்டால் தப்பு வராது. கரையோரம், விரிகுடா, பெரிய ஏரியில் நல்ல நாள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மெக்ரிகர் படகின் உடலுக்குள் நுரை அடைத்திருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் நிறைந்தாலும் மிதக்கும். ஈயக்கீல் படகில் ஓட்டை விழுந்தால் ஈயம் அதை அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நிமிர்வது ஒரு பாதுகாப்பு, மூழ்காமல் இருப்பது இன்னொரு பாதுகாப்பு. எந்த அபாயம் உங்களுக்கு அருகில் இருக்கிறது என்று பார்த்துத்தான் எடை போட வேண்டும்.

வேல்ஸ் வாசி

தண்ணீர் பேலஸ்ட் என்றாலே மெக்ரிகர் என்று ஆகிவிட்டது, அதனால் இங்கிருந்து ஒரு வரி. கார்டிகனில் ஸ்வாலோ யாட்ஸ் கட்டும் பேரைடர், பேகுரூசர் படகுகளிலும் தொட்டிதான். ஆனால் அங்கே 50 குதிரைத்திறன் கிடையாது. சிறிய மோட்டார், தாழ்ந்த பக்கச் சுவர், பாய்க்காகவே செய்த உடல். பேரைடரில் தெம்புள்ள ஆட்கள் இருந்தால் தொட்டியைக் காலியாக வைத்துப் பந்தயப் படகு மாதிரி ஓட்டுவார்கள், தனியாகவோ குடும்பத்தோடோ போகும்போது நிரப்பிக்கொள்வார்கள். காற்றை எதிர்த்து நன்றாகவே ஏறும். ஆகவே 26எக்ஸ் காற்றுக்கு எதிரே தடுமாறுவதற்குத் தண்ணீரைக் குற்றம் சொல்ல முடியாது. மோட்டார் படகாகவும் இருக்க வேண்டும், உள்ளே நின்று சமைக்கவும் வேண்டும் என்று கேட்டு வாங்கிய வடிவம் அது.

கலிஃபோர்னியா கடலோடி

வேல்ஸ் நண்பர் சொன்னது நூற்றுக்கு நூறு. கோஸ்டா மேசாவில் ராஜர் மெக்ரிகர் 1980-களில் செய்த 26டி, அடுத்து வந்த 26எஸ் இரண்டும் தண்ணீர் பேலஸ்ட்தான். சிறிய மோட்டார், மெலிந்த உடல். பாயில் எக்ஸையும் எம்மையும் தோற்கடிக்கும். பெரிய மோட்டார் வந்தது 1990-களின் நடுவில், எக்ஸில். எம்மில் தண்ணீரோடு 136 கிலோ நிலையான பேலஸ்டும் சேர்த்தார்கள். 2013-இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. தம்பிக்குப் பாய்தான் முக்கியம் என்றால் ஒரு நல்ல 26எஸ் கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

மானிட்டூலின் மலர்

ஈயக்கீல் அண்ணா சொன்ன கேட்டலினா 25 நல்ல படகுதான். ஆனால் தம்பி கேட்டது நார்த் சேனல். அங்கேதான் இந்தப் படகின் பலம் தெரியும்.

நிலையான கீல் படகில் டிராவர்ஸ் சிட்டியிலிருந்து நார்த் சேனல் வர வேண்டும் என்றால் மிச்சிகன் ஏரி, மேக்கினா நீரிணை, ஹூரான் ஏரி எல்லாம் கடக்க வேண்டும். விடுமுறையில் பாதி வழியிலேயே போய்விடும், கெட்ட நாளிலும் கிளம்பச் சொல்லி மனசு நெருக்கும். டிரெயிலரில் இழுத்தால் மேக்கினா பாலம், சூ செயின்ட் மேரி, நெடுஞ்சாலை 17, அன்று மாலையே ஸ்பானிஷ் ஊரில் படகை இறக்கிவிடலாம். அபாயமான நீரைச் சாலையில் கடந்துவிடுகிறோம். என் கணக்கில் இந்தப் படகின் மிகப் பெரிய பாதுகாப்பு அதுதான். பாலத்தில் பலத்த காற்று அடிக்கும் நாளில் டிரெயிலர்களுக்குக் கட்டுப்பாடு போடுவார்கள், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெஞ்சமின் தீவுகளில் இளஞ்சிவப்புக் கருங்கல் பாறைக்கு நடுவே சின்னச் சின்னக் குடாக்கள். சென்டர்போர்டை (படகின் நடுவே இறக்கி ஏற்றும் பலகையை) தூக்கிவிட்டால் முழங்கால் ஆழத்தில் படகு நிற்கும். பிள்ளைகள் அணியத்திலிருந்து நேராகப் பாறையில் இறங்கிவிடுவார்கள். கீல் படகுகள் வெளியே நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போது நாங்கள் காற்றே படாத மூலையில் தூங்குவோம்.

எல்லை தாண்டும்போது ஒன்று. மிச்சிகனில் 2019 முதலும் ஒன்டாரியோவில் 2022 முதலும், படகைச் சாலையில் இழுக்கும் முன் தண்ணீரையெல்லாம் வடித்து அடைப்பான்களைத் திறந்து வைக்க வேண்டும் என்பது சட்டம். வரிக்குதிரைச் சிப்பி பரவாமல் இருக்க. பேலஸ்ட் தொட்டி இதில் முதல் ஆள். கரையேறும் சரிவிலேயே வால்வைத் திறந்து கடைசிச் சொட்டு வரை வடியவிடுங்கள். அவசரப்பட்டு அந்த நீரை அடுத்த ஏரியில் கொண்டுபோய்க் கொட்டுவது அந்த ஏரிக்குச் செய்கிற துரோகம்.

ஏரிக்கரை

படிக்கப் படிக்கத் தெளிவாகிறது. மேனிட்டூ தீவுகளைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். முதல் கோடையில் விரிகுடாவுக்குள்ளேயே இருப்போம், 32 மைல் நீளம், எங்களுக்குப் போதும். பிறகு நார்த் சேனல், சாலை வழியாக. சனிக்கிழமை படகைப் பார்க்கப் போகிறேன். எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

கலிஃபோர்னியா கடலோடி

தண்ணீரில் இறக்கித்தான் பார்ப்பேன் என்று உறுதியாகச் சொல்லுங்கள். வாசலில் நிற்கும் படகைப் பார்த்து விலை பேச வேண்டாம்.

அமரத்தில் கீழே ஒரு வால்வு இருக்கிறது, மேலிருந்து கம்பியால் தூக்கித் திறப்பது. அதைத் திறந்து, முன்னால் கட்டிலுக்கு அடியில் இருக்கும் காற்றுத் துளையின் மூடியையும் கழற்றுங்கள். தண்ணீர் ஏறும்போது அந்தத் துளையில் கை வைத்தால் காற்று புஸ்ஸென்று வெளியேறுவது தெரியும். சில நிமிஷத்தில் சத்தம் அடங்கும். அடங்கியதும் நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். துளைக்குள் விரலை விடுங்கள். ஓர் அங்குலத்துக்குள் தண்ணீர் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் யாரையாவது அணியத்தில் நிற்கச் சொல்லி, முன்பக்கம் தாழ்ந்து மீதி ஏறும் வரை காத்திருங்கள். பிறகு வால்வை மூடுங்கள், மூடியை இறுக்குங்கள். பயணத்தின் நடுவிலும் அந்த விரல் சோதனையைச் செய்துகொண்டே இருங்கள். வால்வின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால், சாய்ந்து ஓடும்போது தண்ணீர் மெல்ல ஒழுகி வெளியேறிவிடும். உங்களுக்குத் தெரியாமலே பாதித் தொட்டி ஆகிவிடும், அது என்ன செய்யும் என்று சாய்கோணம் சார் மேலே எழுதியிருக்கிறார்.

தொட்டி நிறைந்த பிறகு ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டு, கட்டிலுக்கு அடியில் உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணி நனைந்தால் தொட்டியின் மேல் மூட்டு விட்டிருக்கிறது. சென்டர்போர்டைத் தூக்கும் கயிறு, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் முனைகளில் இழை பிரிந்திருக்கிறதா, சுக்கான்கள் இடம் வலமாக ஆடுகின்றனவா, டிரெயிலரின் பிரேக் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். கம்பிகளின் வயது தெரியவில்லை என்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஈயக்கீல்

இவ்வளவு கவனமாகக் கேட்கிறவர் எந்தப் படகிலும் நன்றாக இருப்பார். என் ஓட்டு இன்னும் கேட்டலினாவுக்குத்தான். ஆனால் விரிகுடாவும் நார்த் சேனலும் என்றால் நான் தடுக்க மாட்டேன். வாங்கிய பிறகு ஒரு நல்ல நாளில், கரைக்குப் பக்கத்தில், வேண்டுமென்றே பாயை இறுக்கிப் படகை நன்றாகச் சாயவிட்டுப் பாருங்கள். எந்தக் கோணத்தில் இறுகுகிறது, எப்போது சுக்கான் பிடி விடுகிறது என்று உங்கள் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளைக் கரையில் விட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஏரிக்கரை

கட்டாயம் செய்கிறேன் சார். கடைசியாக ஒன்று: எங்கள் ஊரில் குளிர்காலம் கடுமை. தொட்டியில் தண்ணீர் உறைந்தால்?

மானிட்டூலின் மலர்

உறையவிடக் கூடாது, தொட்டி வெடித்துவிடலாம். அக்டோபரில் கரையேற்றியதும் டிரெயிலரின் முன்பக்கத்தைக் கட்டை கொடுத்து உயர்த்துங்கள், வால்வைத் திறந்து ஓரிரு நாள் விடுங்கள். அப்படியும் வால்வுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தேங்கி நிற்கும். அதைக் கடற்பஞ்சால் ஒற்றியெடுங்கள், இல்லையென்றால் படகுக்கென்று விற்கும் நச்சில்லாத உறைதடுப்பு நீர்மத்தை ஊற்றுங்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றுவது வேண்டாம், வசந்தத்தில் அது ஏரிக்குள் போகும். வால்வும் முன் மூடியும் குளிர்காலம் முழுக்கத் திறந்தே இருக்கட்டும், மேலே தார்ப்பாய் போட்டுவிடுங்கள். ஏப்ரலில் ரப்பர் வளையத்தைப் புதிதாக மாற்றிவிட்டு இறக்குங்கள்.